கர்ப்பகாலத்தில் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தலாமா?

வாசுகி:
தங்கைக்கு ஆஸ்துமா, இப்போது 4-ஆம் மாதம். பியூடசோனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் 200 மைக்ரோகிராம், காலையும் ராத்திரியும் எடுத்துவந்தாள். 'ஸ்டீராய்டு குழந்தைக்கு ஆகாது' என்று யாரோ சொல்லி, நிறுத்திவிட்டாள். இப்போது விடியற்காலையில் இருமல், இளைப்பு. உடனடி நிவாரணத்துக்கான அஸ்தலின் இன்ஹேலரை மட்டும் அடித்துச் சமாளிக்கிறாள். இது போதுமா?

மருந்தாளர்:
போதாதுங்க. நிறுத்தியதை இன்றே தொடங்கச் சொல்லுங்கள், இரண்டொரு நாளில் டாக்டரிடம் காட்டுங்கள். அஸ்தலின் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதை அடக்குவது பியூடசோனைட். கர்ப்பிணிகளிடம் நெடுங்காலமாகப் புழங்கிவரும் மருந்து அது. ரத்தத்தில் கலப்பதும் சொற்பம். இளைப்பை விட்டுவைத்தால்தான் ஆபத்து: தாய்க்கு ஆக்ஸிஜன் குறைந்தால் சிசுவுக்கும் குறையும். குறைப்பிரசவம், எடைக்குறைவு எல்லாம் அங்கிருந்து வருபவை.

சுவாசம்:
அடிக்கும் முறையையும் பாருங்கள். நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) வேண்டும். குலுக்கி, ஒரே ஒரு பஃப் அடித்து, மெதுவாக இழுத்து, 10 எண்ணும்வரை மூச்சை அடக்கணும். முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே ஐந்து தடவை சாதாரணமாக மூச்சு வாங்கி விடலாம். இரண்டு பஃபைச் சேர்த்து அடித்தால் நுரையீரலுக்குப் போகும் மருந்து குறையும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டும். பியூடசோனைட் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பணும், இல்லையென்றால் நாக்கில் வெண்பூஞ்சை படியும். படுக்கையறையில் கொசுவத்திச் சுருள் வேண்டவே வேண்டாம்.

வாசுகி:
மிக்க நன்றி. கர்ப்பத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்குமே, எப்படிப் பிரித்தறிவது?

மருந்தாளர்:
அது புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் செய்யும் வேலை. அதில் விசில் சத்தமோ நெஞ்சு இறுக்கமோ இருக்காது, ராத்திரி இருமி எழ வைக்காது. இளைப்பு கூடினால் அஸ்தலின் 4 பஃப், ஒவ்வொன்றாக, ஸ்பேசரில். 20 நிமிடத்தில் தணியாவிட்டால் இன்னொரு 4 அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, அல்லது ஆக்ஸிமீட்டர் 95-க்குக் கீழே காட்டுகிறது என்றால் அந்த 20 நிமிடமும் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுவாசம்:
இன்னொன்று. 'ஆஸ்துமா உண்டு' என்று கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வாங்குங்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தப் போடும் ஊசிகளில் கார்போப்ரோஸ்ட் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஆக்ஸிடோசினில் அந்தத் தொல்லை இல்லை. பிரசவ அறையின் அவசரத்தில் யாரும் பழைய ஃபைலைப் புரட்ட மாட்டார்கள்.