ரூஸ்வெல்ட் பேசிய பாதுகாப்பும் சுதந்திரமும்

கேள்வி (பல்லடம்):
வாசகர் வட்டத்தில் பேசுவதற்காக அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் படித்து வருகிறேன். 1941 ஜனவரி 6 அன்று பேச்சு, வழிபாடு, வறுமையின்மை, அச்சமின்மை என நான்கு சுதந்திரங்களை முன்வைத்தவர், மறு ஆண்டே சொந்தக் குடிமக்களை முள்வேலிக்குள் அடைத்ததை எப்படி விளங்கிக்கொள்வது?

பதில் (பெருந்துறை):
ஐயா, அவருக்குப் பாதுகாப்பு என்பது முதலில் வயிற்றுப்பாட்டைச் சார்ந்தது. வேலையும் சேமிப்பும் பறிபோன பெருமந்தக் காலத்தில் பதவிக்கு வந்த அவர், 1935இல் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையிழந்தோர் உதவிக்கும் சட்டம் கொண்டுவந்தார். வறுமையில் உழல்பவன் சுதந்திர மனிதன் அல்லன் என்று 1944இலும் வாதிட்டார். ஆனால் அந்த ஓய்வூதியத்தில் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் தொடக்கத்தில் இடமில்லை. இருபது பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நம் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள் பலவற்றில் வருங்கால வைப்பு நிதி இல்லாததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பதில் (கோபி):
கேட்டது முள்வேலியைப் பற்றி. பெருந்துறை நண்பர் அதைத் தொடவே இல்லை. 1942 பிப்ரவரி 19 அன்று அவர் பிறப்பித்த 9066ஆம் ஆணையின் பேரில், ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்கள், விசாரணை ஏதுமின்றி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். போர்க்கால அச்சத்தோடு இனவெறுப்பும் சேர்ந்துகொண்டது என்பதே என் கருத்து. 1944இல் உச்ச நீதிமன்றமும் அந்த வெளியேற்றத்துக்குத் துணைநின்றது. அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கச் சட்டம் வந்தது 1988இல்தான்.

கேட்டவர்:
நன்றி. உரையை 1944இலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.