சிங்கப்பூருக்கு வரும் அப்பா அம்மா பகலில் தனியாக இருப்பார்கள்: அவசரம் என்றால் என்ன செய்யச் சொல்லி வைப்பது?

பொங்கோல்_11ஆம்மாடி கேட்டது:

அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் விசிட்டில் வருகிறார்கள், முப்பது நாள். அப்பாவுக்கு 68 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். வீடு பொங்கோலில், வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி புளோக். காலை எட்டு முதல் மாலை ஏழு வரை நானும் மனைவியும் வேலையில் இருப்போம். அம்மாவுக்கு ஆங்கிலம் பத்துப் பதினைந்து சொல்தான் வரும். ஏதாவது ஆனால் 995ஆ, 1777ஆ? ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோகும், எவ்வளவு செலவாகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

யீஷூன்வாசி

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கம் கைகால் விழுவது, நினைவு தப்புவது, நிற்காத ரத்தப்போக்கு: எல்லாவற்றுக்கும் 995. அது குடிமைத் தற்காப்புப் படை. தீ என்றாலும் அதே எண்தான். போலீஸுக்கு 999. 1777 தனியார் வண்டிகளுக்கானது. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் நோயாளியால் நடந்து போக முடியவில்லை என்றால் அதைக் கூப்பிடலாம், கட்டணம் உண்டு. நம் ஊர் 108 பழக்கத்தில் அம்மா அதை அழுத்திவிடாமல் 995 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அம்மாவிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது: முதல் அழைப்பு 995க்கு, மகனுக்கு அடுத்ததுதான். பெற்றோர் முதலில் பிள்ளைக்கு அடிப்பார்கள். பிள்ளை மீட்டிங்கில் இருப்பார், எடுக்கமாட்டார். மறுபடி அடிப்பார்கள். மாரடைப்பில் அந்தப் பத்து நிமிடம் பெரிய இழப்பு.

அடுத்தது முகவரி. இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி ஆறிலக்க அஞ்சல் குறியீடு. அதைச் சொன்னாலே உங்கள் புளோக் எது என்று தெரிந்துவிடும். வெறும் புளோக் எண் மட்டும் சொன்னால் குழப்பம், ஏனென்றால் ஒரே எண் வேறு வேறு பேட்டைகளிலும் இருக்கும். புளோக் எண்ணோடு எழுத்து இருந்தால் (பி, டி இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும்) இன்னும் கவனம் தேவை. ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் இப்படி எழுதி, கதவுக்குப் பக்கத்தில் அம்மாவின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள்:

"ஆம்புலன்ஸ் ப்ளீஸ். போஸ்டல் கோட் எய்ட் டூ (மீதி நான்கும் ஒவ்வொன்றாக). புளோக் ____. லெவல் லெவன், யூனிட் ____. மை ஹஸ்பண்ட், சிக்ஸ்டி எய்ட். செஸ்ட் பெயின். ஹார்ட் ஸ்டென்ட். டயபடீஸ். ஐ ஸ்பீக் தமிழ்."

தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழிதான், ஆனால் 995ல் எடுப்பவர் ஆங்கிலத்தில் கேட்பார் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். இரண்டு கேள்வி கண்டிப்பாக வரும். "இஸ் ஹி அவேக்?" என்றால் விழித்திருக்கிறாரா, "இஸ் ஹி பிரீதிங்?" என்றால் மூச்சு விடுகிறாரா. யெஸ், நோ இரண்டில் ஒன்று போதும். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்வரை துண்டிக்கக் கூடாது. மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்துவது எப்படி என்று அந்த அழைப்பிலேயே சொல்லித்தருவார்கள். அம்மாவுக்குப் புரியாவிட்டால், அண்டை வீட்டுக் கதவைத் தட்டி ஆளை அழைத்து வந்து போனைக் கொடுக்கட்டும். வந்த முதல் நாளே இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் அம்மாவை அறிமுகப்படுத்திவிடுங்கள்.

இன்னொன்று, இரும்பு கேட். வயதானவர்கள் தனியாக இருக்கும்போது கேட்டைப் பூட்டிச் சாவியை எங்கோ வைப்பார்கள். அழைத்த கையோடு கேட்டையும் கதவையும் விரியத் திறந்துவைக்க வேண்டும். நோயாளியே தனியாக இருந்தாலும் எழ முடிகிற நிலையில் முதலில் அதைச் செய்யட்டும். இல்லையென்றால் பூட்டை உடைத்துத்தான் உள்ளே வரவேண்டியிருக்கும்.

---

அவசரப்பிரிவு_தாதி

மேலே சொன்னதெல்லாம் சரி. மருத்துவமனைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

எந்த மருத்துவமனை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பக்கத்தில் எது பொருத்தமோ அங்கே கொண்டுபோவார்கள். உங்களுக்குக் கிட்டத்தில் செங்காங் பொது மருத்துவமனை இருக்கிறது. வண்டியில் பொதுவாக ஒருவர் கூட வரலாம். அங்கே போனதும் வந்த வரிசையில் பார்க்கமாட்டார்கள், பி1 முதல் பி4 வரை தரம் பிரிப்பார்கள். பி1 என்றால் உடனே. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவை பி3 ஆகிப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். அவற்றுக்கு வீட்டருகே தனியார் கிளினிக்தான் நல்லது.

மருந்துப் பட்டியலில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இந்திய பிராண்ட் பெயர் எழுதினால் இங்குள்ள டாக்டருக்குப் புரியாது. எக்கோஸ்பிரின் 75 என்று எழுதாமல் ஆஸ்பிரின் 75 மி.கி., டெல்மா 40 என்று எழுதாமல் டெல்மிசார்ட்டான் 40 மி.கி., கிளைகோமெட் என்று எழுதாமல் மெட்ஃபார்மின் என்று ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து இருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள், பக்கவாதத்தில் சிகிச்சை முடிவே அதைப் பொறுத்து மாறும். ஸ்டென்ட் வைத்த தேதி, அப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி நகல் மூன்றும் வேண்டும். பழைய ஈசிஜி இருந்தால் இன்றைய மாற்றம் புதிதா பழையதா என்று உடனே தெரியும்.

சுகர் அளவும் இங்கே வேறு அலகில் (நம் ஊரில் mg/dL, இங்கே mmol/L). அப்பாவின் மீட்டர் 180 காட்டினால் இங்கே அது 10. நம் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும். "சுகர் 60" என்றால் அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பக்கவாதம் போல இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் வரம்பு. வாயில் தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும்.

---

பொங்கோல்_11ஆம்மாடி

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். நண்பர் ஒருவர், டாக்சி பிடித்துப் போய்விட்டால் சீக்கிரம் என்கிறார். செலவும் மிச்சமா?

---

வெள்ளிக்கணக்கு

நெஞ்சுவலிக்கு டாக்சி வேண்டவே வேண்டாம். ஆம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டிலேயே ஈசிஜி எடுப்பார்கள், மாரடைப்பு என்றால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். டாக்சியில் இதயம் நின்றால் ஓட்டுநரால் என்ன செய்ய முடியும்?

செலவும் மிச்சமாகாது. உண்மையான அவசரத்துக்கு 995 வண்டி இலவசம். அவசரமில்லை என்று தீர்மானிக்கப்பட்டால் 274 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டவேண்டும். அந்தப் பயத்தில் தயங்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சுவலி என்றால் அது அவசரம்தான்.

பெரிய செலவு வார்டில் சேர்த்த பிறகு. விசிட்டில் வந்தவருக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது. சேர்க்கும்போது முன்பணம் கேட்பார்கள். அதனால் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருமா என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். பல பாலிசிகளில் சுகரும் இதயமும் விலக்கு, அல்லது உயிர்காக்கும் சிகிச்சைக்கு மட்டும் ஒரு வரம்புவரை. சுகர் இருப்பதை மறைத்து எடுத்தால் பணமே வராமல் போகலாம். வார்டில் சேர்த்த அன்றே காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்குச் சொல்லி, மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். தாமதித்தால் முழுத் தொகையையும் நீங்கள் கட்டிப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

வேலை அனுமதியில் புதிதாக வந்த தம்பிகள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணக்கு வேறு. 2023 ஜூலை 1 முதல் முதலாளி உங்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டக் கூடாது. சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் 995 அடிக்க வேண்டும் என்பதும் இல்லை.

---

யீஷூன்வாசி

போன் விஷயம் விட்டுப்போயிற்று. இந்திய சிம்மின் ரோமிங்கை நம்பாதீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் ப்ரீபெய்ட் சிம் இரண்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று போட்டுவிடுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியை இறக்கிவையுங்கள், அதிலிருந்து 995ஐ அழைத்தால் இருப்பிடமும் சேர்ந்து போகும், வெளியே நடக்கப் போகும்போது உதவும். வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிப் பக்கம் ஏஇடி (இதயம் நின்றால் மின்னதிர்ச்சி தரும் கருவி) பெட்டி மாட்டியிருப்பார்கள். இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கு. அது உங்கள் புளோக்கில் இருக்கிறதா அடுத்ததிலா என்று அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

ஒத்திகைக்காக 995ஐ அழைக்கக் கூடாது. நீங்கள் அலுவலகத்திலிருந்து பேசுங்கள், அம்மா அட்டையைப் பார்த்து உங்களிடம் வாசிக்கட்டும். அஞ்சல் குறியீட்டை நீங்கள் எழுதி எடுத்துச் சரிபாருங்கள். ஏதாவது ஒரு இலக்கம் தவறாகக் கேட்டால், அந்தச் சொல்லை அட்டையில் வேறு விதமாக எழுதுங்கள்.