புதுப்பிப்பு: கழற்றக்கூடிய நாடித்துடிப்புப் பட்டை, மூடியும் பேட்டரியும்

மணிக்கட்டில் கட்டும் இந்தப் பட்டையின் பெட்டியை மூடப் பசை வேண்டாம், பிஎல்ஏ என்ற 3டி அச்சுப் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட கொக்கி மூடி போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். அது தவறு. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும். காரைக்குடி சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் கொக்கி வளையும், பிறகு கவ்வாது. பிஇடிஜி என்ற இன்னொரு அச்சுப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். கொக்கிக்குப் பதில் நான்கு எம்1.6 (1.6 மி.மீ. விட்டம்) ஸ்டெயின்லெஸ் திருகுகள், அவை இறங்கப் பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதிக்கும் பித்தளை மரைகள்.

திருகுகள், மூடிக்கடியில் வியர்வையைத் தடுக்கும் சீல் வளையத்துக்கு வெளியே அமையட்டும். உள்ளே வைத்தால் அந்தத் துளை வழியாகவே வியர்வை இறங்கும். 1 மி.மீ. தடிமன் சிலிகான் வளையத்துக்கு 0.75 மி.மீ. ஆழம், 1.3 மி.மீ. அகலத்தில் பள்ளம் விடுங்கள். சிலிகான் நசுங்கினாலும் கனஅளவு குறையாது. பிதுங்க இடமில்லையென்றால் மூடி தூக்கிக்கொள்ளும். அந்த வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவவே கூடாது, ஊதிவிடும்.

வியர்வை உப்பு மரையில் காய்ந்தால் திருகு இறுகிப்போகும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் காரைக்குடியில் அரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பேட்டரியை எதில் ஒட்டுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இழுத்தால் நீண்டு விடுபடும் ஒட்டுப்பட்டைதான். 5 மி.மீ. வால் வெளியே நீட்டியிருக்கட்டும். கழற்றும்போது கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தாலும் உலோகத் தகட்டால் நெம்பாதீர்கள்: லித்தியம் பேட்டரியின் மெல்லிய உறை கிழிந்தால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். பேட்டரிக் கம்பிகளைச் சால்டர் செய்யாமல் செருகு கனெக்டர் வையுங்கள்.