புதுப்பிப்பு: நரம்பறிவியல் ஆய்வு முதுநிலையில் முதல் ஆண்டு

உயிரியல் மட்டுமே படித்தவர் ஆய்வை மையமாகக் கொண்ட நரம்பறிவியல் முதுநிலைப் படிப்பில் கணிதத்தைச் சமாளிக்க முடியுமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். முடியும் என்பதே என் அனுபவம். ஊசிக் கணவாய் என்ற கடல் உயிரியின் பெரிய நரம்பிழையை ஆராய்ந்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் 1952இல் வெளியிட்ட சமன்பாடுகளை நானே நிரலாக எழுதி ஓட்டிப் பார்த்த பிறகுதான், நரம்பணுவின் சவ்வில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் செல்லும் வழிகள் திறந்து மூடும் வேகம் நரம்புத் துடிப்பின் (நரம்பில் ஓடும் மின் சைகையின்) வடிவத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே விளங்கியது.

அதைவிடக் கடினமாக இருந்தது புள்ளியியல். ஒரே எலியிலிருந்து பதிவுசெய்த 20 நரம்பணுக்களை 20 தனித்த சான்றுகளாக எண்ணிவிட்டேன். அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்று வழிகாட்டி சுட்டிக்காட்டியதும், பகுப்பாய்வு முழுவதையும் மீண்டும் செய்ய நேர்ந்தது. சேர எண்ணுவோர் பைத்தான் நிரல்மொழியையும் புள்ளியியலையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். மூளையின் உடற்கூறியலை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.