எக்ஸ்ரெஃப் பிளான் திரையில் வெளிறித் தெரிகிறது, பிரிண்டில் மட்டும் கறுப்பாக வருகிறது

குழாய்க்கோடு:
ஆட்டோகேட் 2022 (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்). ஆர்க்கிடெக்ட் கொடுத்த தரைத்தள பிளானை எக்ஸ்ரெஃப்பாக (வேறு ஃபைலை இணைப்பாக மட்டும் காட்டும் முறை) அட்டாச் பண்ணி அதன்மேல் பிளம்பிங் லைன் போடுகிறேன். திரையில் பிளான் வெளிறி, பைப் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. தாளிலும் அப்படித்தான் வேண்டும். மோனோக்ரோம் சிடிபி (எந்த நிறம் தாளில் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) வைத்து ஏ1 தாளில் எடுத்தால் சுவர், கதவு, பைப் எல்லாம் ஒரே கறுப்பு. ஆப்ஷன்ஸில் ஃபேடை (வெளிறல் அளவை) 80 வரை ஏற்றியாயிற்று, தாளில் மாற்றமே இல்லை. எக்ஸ்ரெஃப் லேயர்களுக்கு (வரைபட அடுக்குகளுக்கு) 8-ஆம் நிறம், அதாவது சாம்பல், கொடுத்தாலும் அதே கறுப்பு. இதில் ஜன்னல்கள் மட்டும் நீலமாகப் பிரிண்ட் ஆகின்றன! எங்கே கை வைக்க வேண்டும்?

லேயர்வாத்தியார்:
டிஸ்ப்ளே டேப்பில் இருக்கும் அந்த ஃபேட் ஸ்லைடர் உங்கள் கண்ணுக்காக மட்டும். 0-இலிருந்து 90 வரை எங்கே வைத்தாலும் பிளாட்டருக்கு (பெரிய தாள் பிரிண்டருக்கு) அது போய்ச் சேராது. தாளில் என்ன விழும் என்பதை லேயரின் நிறமும் சிடிபியும்தான் முடிவு செய்கின்றன. அதுவும் நீங்கள் பிரிண்ட் எடுக்கிற ஃபைலின் பேஜ் செட்டப்பில் இருக்கும் சிடிபி. ஆர்க்கிடெக்ட் தன் ஃபைலில் எதை வைத்திருந்தாலும் இங்கே செல்லாது.

8 கொடுத்தும் கறுப்பாக வருவதற்குக் காரணம், மோனோக்ரோம் சிடிபியில் 255 நிறங்களுக்கும் கறுப்பு, ஸ்கிரீனிங் (மை அடர்த்தி சதவீதம்) 100 என்று இருப்பதுதான். அந்த ஃபைலைத் தொடாதீர்கள். ஸ்டைல்ஸ்மேனேஜர் கமாண்ட் அடித்து, திறக்கும் ஃபோல்டரில் அதைக் காப்பி எடுத்து வேறு பெயர் வையுங்கள். டபுள் கிளிக் செய்து ஃபார்ம் வியூ போய், கலர் 8-ஐத் தேர்ந்து ஸ்கிரீனிங் 50, லைன்வெயிட் 0.18 வையுங்கள். ஸ்கிரீனிங்கை 30-க்குக் கீழே இறக்க வேண்டாம். லேசர் பிரிண்டரில் மெல்லிய கோடு புள்ளி புள்ளியாக உடைந்துவிடும்.

அப்புறம் லேஅவுட்டில் (அச்சுத் தாள் பக்கத்தில்) வியூபோர்ட்டுக்குள் (வரைபடம் தெரியும் சட்டத்துக்குள்) டபுள் கிளிக் செய்து லேயர் மேனேஜரைத் திறங்கள். இடப்பக்க ஃபில்டரில் எக்ஸ்ரெஃப் என்பதன் கீழ் ஆர்க்கிடெக்ட் ஃபைல் பெயரைச் சொடுக்கினால் அவருடைய லேயர்கள் மட்டும் வரும். எல்லாவற்றையும் தேர்ந்து 'விபி கலர்' (அந்த வியூபோர்ட்டுக்கு மட்டுமான நிறம்) நெடுவரிசையில் 8 கொடுங்கள். பக்கத்தில் வெறும் 'கலர்' என்று இருப்பதை மாற்றினால் மாடல் ஸ்பேஸிலும் (வரைகிற இடத்திலும்) நிறம் போய்விடும். பேஜ் செட்டப்பில் புதிய சிடிபியைத் தேர்ந்து, 'பிளாட் வித் பிளாட் ஸ்டைல்ஸ்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏ1ஷீட்:
நீல ஜன்னல் ட்ரூ கலர் பிரச்சினை. சிடிபிக்கு 1 முதல் 255 வரையிலான இண்டெக்ஸ் நிறங்கள்தான் தெரியும். ஆர்ஜிபி எண்ணில் கொடுத்த நிறத்தை அது கண்டுகொள்ளாது, உள்ளபடியே அச்சடிக்கும். அந்த நிறம் லேயரில் இருந்தால் விபி கலரில் 8 கொடுத்ததுமே சரியாகிவிடும். ஜன்னலுக்கே நேரடியாகக் கொடுத்திருந்தால் லேயரில் என்ன செய்தாலும் அசையாது. அப்போது எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடு என்று அடித்து 1 வையுங்கள், எக்ஸ்ரெஃப்பில் உள்ளவை பைலேயர் போல, அதாவது லேயரின் நிறப்படி, நடந்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை: இது ஃபைலில் உள்ள எல்லா எக்ஸ்ரெஃப்புக்கும் பொருந்தும். டைட்டில் பிளாக்கும் (தாளின் தலைப்புப் பெட்டியும்) எக்ஸ்ரெஃப் என்றால் அதில் லோகோ நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள். மூல ஃபைலிலேயே எல்லாவற்றையும் பைலேயராக மாற்றும் செட்பைலேயர் கமாண்ட் ஓட்டுவது இன்னும் சுத்தம், ஆர்க்கிடெக்ட் ஒத்துக்கொண்டால்.

கோட்டோவியம்:
இவ்வளவு எதற்கு? எக்ஸ்ரெஃப் லேயர்களுக்கு டிரான்ஸ்பரன்சி 60 கொடுத்தால் போதுமே.

லேயர்வாத்தியார்:
பிளாட் விண்டோவில் 'பிளாட் டிரான்ஸ்பரன்சி' டிக் போட்டால்தான் அது தாளில் வரும். போட்டால் ஷீட் முழுக்க ராஸ்டர் (புள்ளிப்படம்) ஆகிவிடும், பிடிஎஃப் கனத்துப்போகும், ஜூம் செய்தால் கோடு பிசிறடிக்கும். ஒன்றிரண்டு ஹேட்ச்சுக்கு (பரப்பை நிரப்பும் கோலத்துக்கு) சரி, முழு பிளானுக்கு வேண்டாம்.

குழாய்க்கோடு:
சாம்பல் வந்துவிட்டது, ஜன்னலும் அடங்கிவிட்டது. நன்றி. ஆனால் படிக்கட்டும் சில தூண்களும் இன்னும் கறுப்பு. இன்னொன்று, ஆர்க்கிடெக்ட் ஆர்2 (திருத்திய பிளான்) அனுப்பியதும் பழையதை டிடாச் செய்து (இணைப்பை நீக்கி) புதியதை அட்டாச் செய்தால் எல்லா நிறமும் மறுபடி பழையபடி ஆகிவிடுகிறது.

ஏ1ஷீட்:
படிக்கட்டை ஆர்க்கிடெக்ட் 0 லேயரில் வரைந்திருப்பார். 0 மட்டும் 'பெயர்|லேயர்' என்று குழாய்க்குறியோடு தனியாக வராது. பைலேயராக இருந்தால் எக்ஸ்ரெஃப் எந்த லேயரில் உட்கார்ந்திருக்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ரெஃப்புக்கென ஒரு லேயர் போட்டு, நிறம் 8 வைத்து, அதற்கு மாற்றிவிடுங்கள். அந்த லேயரை ஃப்ரீஸ் செய்தால் பிளான் மொத்தமும் மறையும், ஆஃப் செய்தால் 0-இல் உள்ளவை மட்டும் மறையும். "பாதி பிளானைக் காணோம்" என்று வருகிற புகார்களில் பாதி இதுதான்.

ஆர்2-க்கு டிடாச் செய்யவே கூடாது. லேயர் பெயரின் முன்பாதி ரெஃபரன்ஸ் பெயர். அது போனால் அதோடு சேர்ந்த மாற்றங்களும் போச்சு. எக்ஸ்ரெஃப் பேலட்டில் பழைய பெயரை அப்படியே விட்டு, கீழே 'சேவ்டு பாத்'தை மட்டும் புது ஃபைலுக்குத் திருப்புங்கள். ஆப்ஷன்ஸ், ஓபன் அண்ட் சேவ் டேப்பில் 'ரீடெயின் சேஞ்சஸ் டு எக்ஸ்ரெஃப் லேயர்ஸ்' டிக் இருக்க வேண்டும். விஸ்ரீடெயின் என்று அடித்து 1 வைப்பதும் இதுவே. ஆர்2-இல் அவர் புதிதாகச் சேர்த்த லேயர்கள் மட்டும் சொந்த நிறத்தோடு வரும். லேயர் மேனேஜரில் 'அன்ரீகன்சைல்டு' (இன்னும் சரிபார்க்காத புது லேயர்கள்) ஃபில்டரில் அவை சிக்கவில்லை என்றால் லேயர் செட்டிங்ஸில் புது லேயர் அறிவிப்பை ஆன் செய்யுங்கள்.

கோட்டோவியம்:
சுவரில் சாலிட் ஹேட்ச் இருந்து பைப்பை மறைத்தால், மாடல் ஸ்பேஸில் எக்ஸ்ரெஃப்பைத் தேர்ந்து டிராஆர்டரில் (எது மேலே, எது கீழே என்ற வரிசை) 'பேக்' கொடுங்கள். வியூபோர்ட்டுக்கு வெளியே நின்று செய்தால் பலிக்காது.