15,000 ரூபாயில் ஹாம் நிலையம்: அம்மாபேட்டை மொட்டை மாடியா, ஏற்காடா?

தறிமேடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வில் தேறிவிட்டேன், உரிமத்தோடு வரும் வியு3 கால் சைனுக்காக (அழைப்புக் குறி) காத்துக்கொண்டிருக்கிறேன். கையில் 15,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டில் கேட்டால் அடி விழும். சேலம் அம்மாபேட்டையில் வாடகை வீடு, மாடி போர்ஷன், மொட்டை மாடி எங்களுடையதுதான், 30-க்கு 40 அடி. பக்கத்து வீட்டில் விசைத்தறி காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறது. என் மாமா ஏற்காட்டில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறார், அவருக்கு அங்கேயே குவார்ட்டர்ஸ் உண்டு. உயரத்தில் இருந்தால்தான் சிக்னல் போகும் என்கிறார்களே, அதனால் கையில் பிடித்துப் பேசும் ஒரு நல்ல ஹேண்டி வாங்கி ஏற்காட்டில் வைத்துவிடலாமா, இல்லை வீட்டிலேயே 30 அடி பைப் நட்டு ஆண்டெனா போடலாமா? தறிச் சத்தத்தில் ஷார்ட்வேவ் கேட்குமா என்றும் பயமாக இருக்கிறது. முதலில் எதற்குச் செலவு செய்வது?

செவ்வாய்ப்பேட்டை சால்டரிங் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. கால் சைன் வரும்வரை ஹேண்டியே வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் அனுப்பும் கருவியைக் கையில் வைத்திருப்பதே தப்பு, பட்டனை அழுத்தினால்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அதுவரை காதுக்குப் பயிற்சி கொடுங்கள். நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரிசீவர் இருக்கிறது, ஹாம்கள் ஷார்ட்வேவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் 40 மீட்டர் பேண்டை பிரௌசரிலேயே கேட்கலாம், காசு வேண்டாம். அப்புறம் ஆண்டெனா கட்டுங்கள், கம்பி கட்ட யாரும் உரிமம் கேட்கப்போவதில்லை.

30 அடி பைப்பை மறந்துவிடுங்கள். வாடகை வீட்டில் ஸ்டே கம்பி இழுக்க ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார். உங்கள் மாடிக்கு 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலை, அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆண்டெனாவை, தலைகீழ் வி வடிவில் போட்டால் போதும். மொத்த நீளம் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும், அதாவது சுமார் 20 மீட்டர், பக்கத்துக்கு 10. உங்கள் மாடியின் மூலைவிட்டம் 15 மீட்டர். நடுவில் 4 மீட்டர் பிவிசி பைப் நிறுத்தி இரண்டு மூலைக்கும் இழுத்தால் பக்கத்துக்கு எட்டரை மீட்டர் அதிலேயே அடங்கிவிடும், மிச்சம் ஒன்றரை மீட்டரை நுனியில் தொங்கவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் நுனியில்தான் வோல்ட்டேஜ் அதிகம், சின்ன பவரிலேயே விரலைச் சுடும், குழந்தைகள் கைக்கும் துணி காயப்போடுகிறவர்கள் கைக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

கம்பிக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரே போதும். மேலுறையோடு இருக்கும் ஒயர் கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் ஒத்திசையும், அதனால் முதலில் பக்கத்துக்கு ஒரு சாண் கூடுதலாக வெட்டி, எஸ்டபிள்யுஆர் (ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 வந்தால் கச்சிதம்) பார்த்துப் பார்த்து நறுக்குங்கள். நறுக்கியதை ஒட்ட முடியாது. மீட்டர் வாங்க வேண்டாம், ஊரில் யாரிடமாவது அதை அளக்கும் நானோவிஎன்ஏ என்ற சின்னக் கருவி இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தால் கொண்டுவருவார்கள்.

தாழ்வாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். 40 மீட்டரில் டைபோல் தாழ்ந்திருந்தால் சிக்னல் நேரே மேலே போய்த் திரும்பிக் கீழே இறங்கும். பகலில் மதுரை, சென்னை, பெங்களூரு எல்லாம் கேட்க அதுதான் வசதி. அமெரிக்கா வேண்டுமென்றால் வேறு கதை.

கொண்டலாம்பட்டி எழுதியது:

தறியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், நானும் தறிகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன். தறி மோட்டார் பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார், சத்தம் காதுக்குத்தான், ரேடியோவுக்கு அவ்வளவு இல்லை. ஸ்டார்ட்டர் போடும்போது ஒரு டப், அவ்வளவுதான். உண்மையான வில்லன் தறிக்கூடத்தில் தொங்கும் மலிவு எல்இடி ட்யூப்லைட், சிசிடிவி அடாப்டர், மாடியில் சோலார் இன்வெர்ட்டர் இருந்தால் அது. எது என்று கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் எல்லாம் வேண்டாம். பழைய பாக்கெட் டிரான்சிஸ்டரில் மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள், குற்றவாளி பக்கத்தில் போனதும் கர்ர் என்று கத்தும்.

இன்னொரு வழி, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள். ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் போட்டு அன்றைக்கு 40 மீட்டரைக் கேளுங்கள். தெருவே இருண்டிருக்கும்போது கேட்பதுதான் உங்கள் இடத்தின் உண்மையான அளவு. கரண்ட் வந்த நிமிடத்தில் மீட்டர் முள் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பங்கு உங்கள் சொந்த வீட்டிலிருந்தே வரலாம். என் வீட்டில் பெரிய இரைச்சல் வைஃபை அடாப்டரிலிருந்துதான் வந்தது.

பவர் சப்ளைக்கும் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் வேண்டாம் என்பேன். யுபிஎஸ்ஸுக்குப் போடும் 7 ஆம்பியர் அவர் பேட்டரி புதிதாக ஒன்று, இரவில் சார்ஜரில் போட்டுவிட்டு ரேடியோ போடும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இரைச்சலே இருக்காது.

சில்வர் ஓக் எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். உயரம் உயரம் என்கிறீர்கள், ஆனால் ஹேண்டி பேசும் விஎச்எஃப் அலைக்குக் கணக்கு உயரம் இல்லை, நடுவில் மறைப்பில்லாத நேர்ப் பார்வை. சமவெளியிலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் மலை விளிம்பில் நின்றால் ரேடியோ அடிவானம் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி எல்லாம் ஹேண்டியிலேயே கைக்கெட்டும் தூரம். அதெல்லாம் லேடீஸ் சீட் காட்சிமுனை மாதிரி விளிம்பில். உங்கள் மாமா குவார்ட்டர்ஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் என்றால், சேலத்துக்கும் உங்களுக்கும் நடுவில் மலையே சுவராக நிற்கும். அங்கே ஹேண்டி வைத்து அம்மாபேட்டைக்குப் பேச முடியவில்லை என்று பிறகு ரேடியோவைத் திட்டக் கூடாது.

ஆனால் ஷார்ட்வேவுக்கு எஸ்டேட் சொர்க்கம், இரைச்சல் கிட்டத்தட்டக் கிடையாது. டைபோல் கட்ட சில்வர் ஓக் மரம் வரிசையாக நிற்கிறது, மிளகு பறிக்க ஏணி வைத்து ஏறுகிறவரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கயிறு போட்டுவிடுவார். ஒரு முனையை மட்டும் மரத்தில் நேராகக் கட்டுங்கள், மறுமுனைக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி அடியில் ஒரு செங்கல்லைத் தொங்கவிடுங்கள். காற்றில் மரம் ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறுந்து போகாது. பனிமூட்டத்தில் ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் வாய் வழியாகத் தண்ணீர் இறங்கும், கனெக்டருக்கு டேப் சுற்றி அதன் மேல் எம்-சீல் போட்டுவிடுங்கள்.

சித்திரை, வைகாசி கோடை மழை இடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரேடியோவை ஆஃப் செய்தால் போதாது, கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும். இங்கே பாறை நிலம், எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டாலும் சமவெளி மாதிரி எர்த் கிடைப்பதில்லை.

தறிமேடை எழுதியது:

ஆஹா, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. சரி, வீட்டிலேயே டைபோல். சில்வர் ஓக் அண்ணா, செங்கல் யோசனை பிரமாதம், மாமாவிடம் லீவுக்கு வரும்போது கேட்கிறேன். ரிக், அதாவது ரேடியோ, என்ன வாங்குவது? 15,000-க்குள் எச்எஃப் (ஷார்ட்வேவ்) வருமா? கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்ஜி-6 கோஆக்ஸ் சுருள் வீட்டில் கிடக்கிறது, அதை ஆண்டெனாவுக்குப் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை சால்டரிங் எழுதியது:

போடலாம். 75 ஓம்தான், ரேடியோவுக்கு வேண்டியது 50, அதனால் எஸ்டபிள்யுஆர் ஒன்றரை காட்டும், அதற்கு ஒரு ரேடியோவும் சாகாது. ஹேண்டியின் 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் போட்டால் 5 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 2 வாட், அதே நீளம் ஆர்ஜி-6-இல் 3 வாட்டுக்கு மேல் போகும். 7 மெகாஹெர்ட்ஸில் எது போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே தொல்லை, ஆர்ஜி-6-இன் வெளி வலை அலுமினியம், ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரை முறுக்கிப் போட்டு அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் செய்த எச்எஃப் ரிக் அந்தக் காசுக்கு நல்லதாகக் கிடைப்பது கஷ்டம். சால்டர் பிடிக்கத் தெரிந்தால் பிட்எக்ஸ் என்ற எச்எஃப் ரேடியோவை நீங்களே கட்டுங்கள். ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் உதிரிகளை வைத்தே போட்ட டிசைன், பழைய வடிவத்தில் தண்ணீர்க் குழாய் வாஷரில்தான் சுருள் சுற்றச் சொல்லியிருந்தார். சில வாட்தான் வரும், அந்தத் தாழ்ந்த டைபோலுக்குத் தமிழ்நாடு முழுக்க அது போதும். மிச்சக் காசை பேட்டரிக்கு வையுங்கள். ஹேண்டி கடைசியில். அது வந்ததும் 49 சென்டிமீட்டர் செப்புக் கம்பி ஒன்று நட்டமாக, நான்கு கம்பி கீழே சாய்வாக, ஒரு எஸ்ஓ-239 சாக்கெட்டில் ஈயம் பற்றவைத்துவிட்டால் விஎச்எஃப் ஆண்டெனாவும் ரெடி. 145.800-இல் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது பேச்சோ படமோ வந்தால் அதிலேயே பிடிக்கலாம்.

கொண்டலாம்பட்டி எழுதியது:

என்னிடம் நானோவிஎன்ஏ இருக்கிறது. கம்பியை வெட்டுவதற்கு முன் தனிச் செய்தியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். போண்டா அல்ல, தட்டுவடை செட்.