முன்பதிவு செய்தும் வராத நோயாளிகள்: நோயே காரணமாக இருக்கக்கூடுமா?

கேள்வி (வெளிநோயாளர் பதிவுப் பிரிவு ஊழியர்):
நீரிழிவுப் பிரிவில், முன்பதிவு செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் வராதவர்களின் பட்டியலை மாதந்தோறும் தொகுக்கிறேன். திரும்பத் திரும்ப அதே பெயர்களே வருகின்றன. அவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர்கள். மூன்று முறை வராதவர்களின் பெயரை நீக்கிவிடலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. நோயின் தன்மைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் 1 (பொதுநல மருத்துவர்):
உண்டு. ஸ்காட்லாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குடும்ப மருத்துவப் பதிவுகளை இறப்புப் பதிவுகளுடன் இணைத்துப் பார்த்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாட்பட்ட நோய்களின் எண்ணிக்கை கூடக்கூட வராமல் போவதும் கூடியது தெரிந்தது. நாட்பட்ட மனநலக் கோளாறு உடையவர்களில், ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் தவறவிட்டவர்கள் இறக்கும் அபாயம், ஒருமுறைகூடத் தவறவிடாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வராததுதான் உயிரைப் பறித்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் நீங்கள் நீக்க நினைக்கும் பெயர்கள்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய பெயர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பதில் 2 (செவிலியர்):
மருத்துவர் ஐயா சொன்னதோடு, அன்றாடம் காண்பதையும் சேர்க்கிறேன். இதய நோய்க்காகக் காலையில் நீர் பிரியும் மாத்திரை போடுபவர், அடுத்த சில மணி நேரத்துக்குக் கழிப்பறையை விட்டு விலகிப் பயணம் செய்யத் தயங்குவார். அவருக்குக் காலை நேரத்தை ஒதுக்கினால் ஒன்று மாத்திரையை விடுவார், இல்லையேல் வருகையை விடுவார். விழித்திரைப் பரிசோதனைக்குப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால், துணைக்கு ஆள் இல்லாதவர், அதுவும் ஏற்கெனவே பார்வை குறைந்தவர், வருவதையே தள்ளிப்போடுகிறார். மனச்சோர்வு உள்ளவர்களோ சந்திப்பு நாளை மறப்பதில்லை. படுக்கையை விட்டு எழுவதே அன்று முடியாமல் போகிறது.

பதில் 3 (மருத்துவமனை நிர்வாகி):
எல்லாவற்றையும் நோயின் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. முன்பதிவுக்கும் சந்திப்புக்கும் இடையே பல வாரங்கள் போனாலும் வருகை குறையும். வேலையில் விடுப்புக் கிடைக்காதவர்களும் உண்டு. குறுஞ்செய்தி நினைவூட்டல் வருகையைக் கூட்டுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. ஆயினும் அது மறதிக்கான மருந்து. செவிலியர் அம்மா சொன்ன மூவருக்கும் அதனால் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டாம் முறை வராதபோதே தொலைபேசியில் அழைத்து, எந்த நேரம் வசதிப்படும், துணைக்கு யார் வருவார்கள் என்று கேட்டுக் குறிக்கவும், மனநல மருந்து எடுப்பவர்களின் கோப்பை அன்றே மருத்துவரின் பார்வைக்கு அனுப்பவும் நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன்.